ஜெம் கிளிப் குத்திய கோப்புகள்

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில், விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியக வளாகத்தில் ஒரு போர் விமானம் நிற்கிறது. பெயர் மாருத். ஹெச்.எஃப்-24 என்பது அதன் எண். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள் அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். நான் போகும்போதெல்லாம் அதன் இடுப்பைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நிற்பது வழக்கம். மூக்கிலிருந்து சீராகப் பருத்து வரும் உடல், இறக்கை ஒட்டும் இடத்தில் லேசாக உள்ளே ஒடுங்குகிறது. உடுக்கையின் நடுப்பகுதி போல. இறக்கை கழிந்ததும் மறுபடி விரிகிறது.

அழகுக்காகச் செய்த வேலை இல்லை அது. விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் குணமே மாறிவிடுகிறது. மெதுவாகப் போகும்போது காற்று நெகிழ்ந்து, ஒதுங்கி, வழிவிடும். ஒலி வேகத்துக்கு அருகில் அந்த நெகிழ்வு கிடையாது. உள்ளளவு மாறாத குழாய்களை அடுக்கி வைத்ததுபோல் காற்றோட்டம் விறைத்துக்கொள்கிறது. காலை எட்டரை மணிக்கு மெஜஸ்டிக்கில் புறப்படும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். காலூன்ற இடமில்லாத கூட்டத்தில் ஒருவர் மூட்டையோடு ஏறினால், பக்கத்தில் நிற்பவர் வயிற்றை எக்கித்தான் ஆகவேண்டும். இங்கே மூட்டை என்பது இறக்கை. இறக்கை சேரும் இடத்தில் கூடுகிற பரப்பை, உடல் தன் வயிற்றை எக்கி ஈடுகட்டுகிறது. அப்படிச் செய்தால் அதிர்வலைகள் பின்னுக்கு இழுக்கும் விசை பெருமளவு குறைகிறது.

இந்தப் பரப்பு விதியை 1952-ல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் கண்டு சொன்னவர் ரிச்சர்ட் விட்கோம்ப். அவருக்குப் பொறி தட்டியது ஒரு சொற்பொழிவைக் கேட்ட பிறகு. பேசியவர் அடால்ஃப் புஸெமான். காற்றோட்டத்தைக் குழாய்களாக எண்ணிப் பாருங்கள் என்றவர் அவர். பின்சாய்ந்த இறக்கைதான் ஒலி வேகத்துக்கு ஏற்றது என்று 1935-லேயே ரோம் மாநாட்டில் சொன்னவரும் அவரே. ஹிட்லரின் ஆட்சிக் காலத்தில் ஜெர்மன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, 1947-ல் அமெரிக்காவுக்குப் போனார்.

மாருத்தை வரைந்தவரும் ஜெர்மானியர்தான். குர்ட் டாங்க். ஃபோக்கே-வுல்ஃப் 190 என்ற போர் விமானத்தைப் படைத்தவர். பிரிட்டிஷ் விமானிகள் மிகவும் அஞ்சிய விமானங்களில் அது ஒன்று. அந்த மனிதர் 1956 ஆகஸ்டில் பெங்களூரு வந்து இறங்கி, ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் வரைபலகை முன்னால் நின்றார்.

நேற்று வரை எதிரிக்கு ஆயுதம் செய்துகொடுத்த ஒருவரை ஒரு நாடு எப்படித் தன் வீட்டுக்குள் விடுகிறது? நமக்குப் பாஸ்போர்ட் வேண்டுமென்றால்கூட போலீஸ் வெரிஃபிகேஷன் உண்டு. ஏட்டையா வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், இந்த ஆள்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போவார். ஊரே இடிந்து கிடக்கிற, அக்கம்பக்கமே சிதறிப்போன ஒரு நாட்டில் இந்த விசாரணையை யாரிடம் போய் நடத்துவது?

காகிதத்திடம்தான். 1945-ல் ஜெர்மனியில் கிடைத்த இரண்டு காகிதக் கட்டுகளின் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

முதலாவது, பான் பல்கலைக்கழகக் கழிப்பறையில் கிடைத்தது. நேசப்படைகள் நெருங்கிய 1945 மார்ச்சில், யாரோ சில தாள்களைக் கிழித்துப் பீங்கானுக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். தாள்கள் போகவில்லை. போலந்தைச் சேர்ந்த ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவர் அவற்றைப் பார்த்து எடுத்து வைத்தார். அவை வெர்னர் ஓஸன்பெர்க் என்ற பொறியாளர் தொகுத்த பட்டியலின் துண்டுகள். ஜெர்மனிக்காக எந்த அறிவியலாளர் எங்கே என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்பதெல்லாம் அதில் இருந்தது. யாரைத் தேடிப் பிடிப்பது என்று திகைத்துக்கொண்டிருந்த நேச நாட்டு உளவுக் குழுக்களுக்கு முகவரியோடு கிடைத்த புதையல் அது.

இரண்டாவது, மியூனிக் அருகே ஒரு காகித ஆலையில் கிடைத்தது. நாஜிக் கட்சியின் மொத்த உறுப்பினர் அட்டைகளையும் லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கி, உடனே கூழாக்கிவிடு என்று உத்தரவிட்டுப் போனார்கள். ஆலையைப் பார்த்துக்கொண்ட ஹான்ஸ் ஹூபர் கூழாக்கவில்லை. வேறு கழிவுக் காகிதங்களை மேலே குவித்து மறைத்து வைத்தார். அப்படித் தப்பியவை ஒரு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள். கட்சியில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்த எண் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. நான் சேரவே இல்லை என்று சாதித்த எத்தனையோ பேருக்கு எதிராகப் பிறகு அந்த அட்டை சாட்சி சொன்னது.

முதல் கட்டு, ஒரு மனிதருக்கு என்ன தெரியும் என்று சொன்னது. இரண்டாவது, அவர் யாரோடு இருந்தார் என்று சொன்னது. பிறகு பல வருஷம் நடந்ததெல்லாம், இந்த இரண்டில் எந்தக் காகிதத்தை மேலே வைப்பது என்ற இழுபறிதான்.

அமெரிக்காவின் திட்டத்துக்குப் 'பேப்பர் கிளிப்' என்றே பெயர். நம் அலுவலகங்களில் ஜெம் கிளிப் என்போமே, அது. வேண்டிய ஆளின் கோப்பில் ஒரு கிளிப்பைக் குத்திவைப்பது அடையாளம். 1946 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஒப்புதல் கொடுத்தபோது ஒரு நிபந்தனை இருந்தது: நாஜிக் கட்சியில் பெயரளவுக்கு மேல் பங்கெடுத்தவர்களும், அதன் ராணுவ வெறியைத் தீவிரமாக ஆதரித்தவர்களும் கூடாது. எழுத்தில் படிக்க நன்றாக இருக்கிறது. 'பெயரளவு' என்பதை எந்தப் படியால் அளப்பது?

அளக்க ஒரு படிவம் இருந்தது. ஆறு பக்கம், 131 கேள்விகள். உயரம், எடை, உடலில் உள்ள தழும்பு, மதம், படித்த பள்ளி, எந்தெந்தச் சங்கத்தில் உறுப்பினர், எவ்வளவு சம்பளம் என்று வரிசையாகக் கேட்கும். எர்ன்ஸ்ட் ஃபான் ஸாலமன் என்ற எழுத்தாளர் அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிற வடிவிலேயே ஒரு தடித்த புத்தகம் போட்டார். ஜெர்மனியில் அமோகமாக விற்றது. படிவத்தோடு, 'இவர் நல்லவர்' என்று தெரிந்தவர்கள் எழுதிக் கொடுக்கும் கடிதங்களும் சேரும். நம் ஊரில் கெஸட்டட் ஆபீசரிடம் வாங்குகிற நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி. கறையைப் போக்கித் தருவதால், ஜெர்மானியர்கள் அந்தக் கடிதத்துக்கு ஒரு சலவைத்தூளின் பெயரை வைத்தார்கள்: 'பெர்ஸில் சீட்டு'.

விசாரித்தவர்கள் முட்டாள்கள் அல்லர். பல இடங்களில் சரியாகத்தான் எழுதினார்கள். ஆர்தர் ருடால்ஃப் என்ற பொறியாளரைப் பற்றி 1945-ல் எழுதிய குறிப்பு, நூற்றுக்கு நூறு நாஜி, ஆபத்தான ஆள், அடைத்து வைக்கலாம் என்றது. அவர் மிட்டல்வெர்க் சுரங்க ஆலையில் வி-2 ராக்கெட் உற்பத்தியைக் கவனித்தவர். அந்த ஆலைக்கு ஆள் அனுப்பிய டோரா வதைமுகாமுக்குள் ஏறத்தாழ 60,000 கைதிகள் போனார்கள். சுமார் 20,000 பேர் உயிரோடு திரும்பவில்லை. அந்தக் குறிப்பு கோப்பில் இருக்க, ருடால்ஃப் அமெரிக்கா போனார். மனிதனை நிலாவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன்-5 ராக்கெட் திட்டத்தின் மேலாளரானார். பழைய கோப்பை வேறு தலைமுறை வழக்கறிஞர்கள் மறுபடி திறந்த பிறகு, 1984-ல் ஜெர்மனிக்குத் திரும்பி, அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தார்.

ராக்கெட் பொறியாளர் வெர்னர் ஃபான் பிரவுனின் கோப்பு இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. நாஜிக் கட்சி உறுப்பினர், அதன் எஸ்.எஸ். அமைப்பிலும் அதிகாரி. 1947 செப்டம்பரில் ஜெர்மனியிலிருந்த அமெரிக்க ராணுவ நிர்வாகம், இவரால் பாதுகாப்புக்கு ஆபத்து வரக்கூடும் என்று அறிக்கை கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு விசா வாங்க முடியாது. திட்டத்தை நடத்திய அலுவலகம், அறிக்கையைத் திருத்தித் தரும்படி எழுதியது. சில மாதங்களில் புதிய அறிக்கை வந்தது. இரண்டு வருஷமாக அமெரிக்காவில் இருக்கிறார், நடத்தையில் குறையில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று அதில் இருந்தது. மனிதர் அதே மனிதர், கடந்த காலமும் அதே கடந்த காலம். தாள் மட்டும் மாறியது.

இவர்களெல்லாம் விசா இல்லாமல் ராணுவக் காவலில் கொண்டுவரப்பட்டவர்கள். முறையாகக் குடியேறியதாகக் காட்ட ஒரு வழி கண்டார்கள். எல் பாஸோ நகரத்தில் குடியிருந்தவர்களை, ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி மெக்ஸிகோவின் ஹுவாரெஸ் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்குள்ள அமெரிக்கத் தூதரகக் கிளையில் விசா வாங்கிக்கொண்டு, அதே பாலம் வழியாகத் திரும்பி வந்தால், அன்றுதான் அமெரிக்காவில் முதன்முதலாகக் காலடி வைத்தவர்கள் என்று கணக்கு.

ரஷ்யர்கள் இவ்வளவு சிரமப்படவில்லை. 1946 அக்டோபர் 22 விடியற்காலையில் கதவைத் தட்டி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிபுணர்களைக் குடும்பத்தோடு ரயிலேற்றிக்கொண்டு போனார்கள். படிவமும் இல்லை, சான்றிதழும் இல்லை.

குர்ட் டாங்க் இந்த வலைகள் எதிலும் சிக்கவில்லை. பிரிட்டனோடும் சீனாவோடும் ரஷ்யாவோடும் பேசிப் பார்த்தார், ஒன்றும் படியவில்லை. அவரிடம் வேலை பார்த்த ஹான்ஸ் முல்ட்ஹோப்பைப் பிரிட்டன் எடுத்துக்கொண்டது, தலைவரை விட்டுவிட்டது. கடைசியில் 1947-ல் 'பெட்ரோ மத்தியெஸ்' என்ற பொய்ப் பெயரில் அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தார். அங்கே பெரோனின் ஆட்சி. அந்த நாடு கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: ஜெட் விமானம் செய்யத் தெரியுமா? கார்டோபா நகரில் 'புல்கி-2' என்ற விமானத்தை டாங்க் செய்து காட்டினார். 1950-ல் அதைத் தானே ஓட்டியும் காட்டினார்.

ஆனால் அர்ஜென்டினாவில் நடந்த இன்னொன்று, 'என்ன தெரியும்' என்ற கேள்விகூட அவ்வளவு சுலபம் இல்லை என்பதைக் காட்டுகிறது. தன்னைப்போல் வந்திருந்த ரொனால்ட் ரிக்டர் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளரைப் பெரோனிடம் அறிமுகப்படுத்தியவர் டாங்க். சூரியனில் நடக்கும் அணுப்பிணைவைப் பூமியில் கட்டுப்படுத்திக் காட்டுகிறேன் என்றார் ரிக்டர். ஏரி நடுவிலிருந்த உவேமுல் தீவையே அவருக்கு எழுதிவைத்தார்கள். 1951 மார்ச் 24 அன்று, சாதித்துவிட்டோம் என்று பெரோன் உலகத்துக்கு அறிவித்தார். 1952-ல் ஹொசே பால்செய்ரோ என்ற இளம் அர்ஜென்டினா இயற்பியலாளர் உட்பட ஒரு குழு தீவுக்குப் போய்க் கருவிகளைச் சோதித்தது. பிணைவு நடக்கத் தேவையான வெப்பத்தின் பக்கத்தில்கூட அந்தக் கருவி போகவில்லை என்று தெரிந்தது. உளவுத்துறை எத்தனை கோப்பு வைத்திருந்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அதே துறையில் படித்த, அஞ்சாமல் கேட்கத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டியிருந்தது.

1955-ல் பெரோன் கவிழ்ந்தார். டாங்கின் குழு கலைந்தது. அடுத்த வருஷம் பெங்களூரு.

இந்தியாவுக்கு 'எதிரி' என்ற சொல்லே வேறு பொருளில் இருந்தது. 25 லட்சம் இந்தியர்கள் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தார்கள். அவர்களில் பலர் ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் ஜெர்மானியர்களோடு நேருக்கு நேர் மோதினார்கள். அதே நேரத்தில் சுபாஷ் சந்திர போஸ் பெர்லினில் இருந்து வானொலியில் பேசினார். 1939-ல் போர் மூண்டதும் இங்கிருந்த ஜெர்மானியர்களை எதிரி நாட்டவர் என்று பிடித்து முகாமில் அடைத்தது பிரிட்டிஷ் அரசு. ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதர்களும் அதில் சேர்ந்தே அடைபட்டார்கள். பிறகுதான் ஒரு குழு ஒவ்வொருவராக விசாரித்துப் பலரை வெளியே விட்டது. டாங்க் வேலைக்கு வந்த அந்தத் தொழிற்சாலையே, போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்துக் கொடுத்த இடம். ஜெர்மனியை எதிர்த்த அணியின் விமானங்களுக்கு ஆணி முடுக்கிய கைகள், பத்துப் பதினைந்து வருஷத்தில் ஜெர்மானியர் வரைந்த படத்தைப் பார்த்துத் தகடு வெட்டின.

டாங்கோடு முதலில் வந்தவர் அவருடைய பழைய உதவியாளர் லுட்விக் மிட்டல்ஹூபர். பிறகு பதினாறு பேர் சேர்ந்தார்கள். இங்கே ஏற்கெனவே வி.எம்.கட்கே இருந்தார். இந்திய அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறை 1942-ல் தொடங்கியபோது அதை வளர்த்தவர்; ஹெச்.டி-2 என்ற பயிற்சி விமானத்தை 1951-லேயே பறக்க விட்டவர். அவர் கையில் இருந்தது சின்னஞ்சிறு குழு. சோதனைக் கருவியில் இருந்து சுத்தியல் வரை எல்லாவற்றையும் தேற்றிக்கொண்டே ஒலி வேகத்தைத் தாண்டும் விமானத்தையும் வரைய வேண்டும் என்ற நிலை.

அவர்கள் முதலில் செய்தது மரத்தால் ஒரு மாருத். எஞ்சின் கிடையாது, அளவு மட்டும் உண்மை விமானத்தின் அளவே. ஒரு டகோட்டா விமானம் அதைக் கயிற்றில் கட்டி வானத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். உயரத்தில் கயிற்றை விட்டுவிட்டால், விமானி அதைச் சறுக்கி இறக்கிக்கொண்டு வருவார். 1959-ல் தொடங்கி எழுபதுக்கும் மேற்பட்ட தடவை இப்படிப் பறந்தார்கள். கணிப்பொறி கைக்கு வராத காலத்தில், இறக்கை சொல்பேச்சு கேட்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரடியான வழி ஏது? அந்த மர விமானத்தின் ஒட்டுவேலையைச் செய்த தச்சர்கள் பெயர் எந்தக் கோப்பிலும் கிளிப் குத்தி வைக்கப்படவில்லை. எனக்கு அவர்கள் நினைவு வராமல் போனதில்லை.

1961 ஜூன் 17. விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ், உலோக மாருத்தை முதன்முதலாக வானில் ஏற்றினார். ஆசியாவில், ரஷ்யாவுக்கு வெளியே, ஒலி வேகத்தைக் குறிவைத்துச் சொந்தமாக வடிவமைத்து வெற்றிகரமாகப் படையில் சேர்ந்த போர் விமானம் இதற்கு முன்னால் இருந்ததில்லை. 1967-ல் விமானப்படையில் சேர்ந்தது. மொத்தம் 147 விமானங்கள் செய்தார்கள். 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் பறந்தது.

ஆனாலும் அதன் நெஞ்சில் இருந்த குறை கடைசி வரை தீரவில்லை. ஒலியின் இரு மடங்கு வேகத்துக்கு என்று வரைந்த உடல் அது. அதற்கு ஏற்ற எஞ்சின் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று செய்துகொண்டிருந்த ஆர்ஃபியஸ்-12 வந்திருந்தால் போதும். அதைத் தேற்றி முடிக்கும் செலவை இந்தியா ஏற்கவில்லை. நாட் என்ற போர் விமானத்துக்கு வைத்த எஞ்சினின் உடன்பிறப்பை இரண்டாகப் பொருத்தி ஒப்பேற்றினார்கள். ஒடுங்கிய இடுப்பு காத்திருந்த அந்த வேகம் வரவே இல்லை. 1970 ஜனவரி 10 அன்று, கூடுதல் உந்துவிசை பொருத்திய மாருத் ஒன்றைச் சோதிக்கும்போது சுரஞ்சன் தாஸ் இறந்தார். பழைய மெட்ராஸ் சாலையிலிருந்து ஹெச்.ஏ.எல். பக்கம் திரும்பும் சாலைக்கு அவர் பெயர்தான். தினமும் நெரிசலில் அதில் நின்றுகொண்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும் போலிருக்கும் எனக்கு.

எஞ்சின் தேடிய கதையில் இன்னொரு கோப்பு திறக்கிறது. எகிப்து அப்போது தன் போர் விமானத்துக்கு ஒரு எஞ்சின் செய்துகொண்டிருந்தது. விமானத்தை வரைந்தவர் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட். எஞ்சினை வரைந்தவர் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர், எஸ்.எஸ். அமைப்பில் இருந்தவர். அந்த எகிப்திய விமானத்தை 1964-ல் முதலில் பறக்கவிட்டவர் கபில் பார்கவா, நம் விமானப்படைக்காரர். பிராண்ட்னரின் எஞ்சினை ஒரு மாருத்தில் பொருத்தி எகிப்தில் பறக்கவிட்டும் பார்த்தார்கள். ஹிட்லரின் ஜெர்மனிக்காக உழைத்த இரண்டு பேர், ஒருவர் பெங்களூரிலும் ஒருவர் எகிப்திலுமாக இருந்து ஒரே விமானத்துக்கு உடலும் உயிரும் கொடுக்க முயன்றார்கள். எகிப்தின் திட்டம் 1969-ல் நின்றுபோனது.

பிராண்ட்னர் எகிப்துக்கு வருமுன் எங்கே இருந்தார்? ரஷ்யர்களிடம். அங்கே அவருடைய தலைமையில் ஜெர்மானியக் கைதிகள் தொடங்கிய சுழலி எஞ்சின்தான் பிறகு என்.கே-12 ஆனது, டுபோலெவ்-142 கடற்படை விமானத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தது. அரக்கோணத்துக்காரர்களுக்கு அந்த இரைச்சலை அறிமுகப்படுத்த வேண்டாம். ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து 2017 வரை அது புறப்படும்போதெல்லாம், எதிரெதிராகச் சுற்றும் இரட்டைச் சுழலிகளின் அதிர்வு ஊரெல்லாம் கேட்கும். 1946-ன் ஒரு விடியற்காலையில் தொடங்கிய சங்கிலி, வடதமிழ்நாட்டின் வயல்களுக்கு மேலே வந்து முடிந்தது.

இப்படி வந்த நிபுணர்களை ஏற்றது சரியா தவறா என்று கேட்டால், என் மனம் அறிவின் பக்கம் சாய்கிறது. மூடிவைத்த அறிவால் யாருக்கும் பயனில்லை. கட்கேயின் சிறிய குழு பெரிய குழுவானது மாருத்தால்தான். ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டதை என்னால் சமாதானப்படுத்திக்கொள்ள முடியவில்லை. டாங்க் தொழில்நுட்ப இயக்குநராக இருந்த ஃபோக்கே-வுல்ஃப் ஆலைகளில், பிற நாடுகளிலிருந்து பிடித்துவந்தவர்களைக் கட்டாய வேலை வாங்கினார்கள். அவர்களைப் பற்றி 131 கேள்வியில் ஒன்றுகூட இல்லை. என்ன சங்கத்தில் இருந்தாய் என்று கேட்டார்கள். உன் ஆலையில் ரிவெட் அடித்தது யார், அவருக்குச் சோறு போட்டாயா என்று கேட்கவில்லை.

இதே பெங்களூரில், டாங்க் வருவதற்கு இருபது வருஷம் முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யூதர் என்பதால் ஜெர்மனியில் வேலை இழந்த மாக்ஸ் பார்ன் என்ற இயற்பியலாளரை, சி.வி.ராமன் 1935-ல் இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்தார். குவாண்டம் இயற்பியலைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர் பார்ன். நிரந்தரப் பதவி கொடுக்கலாம் என்று ராமன் முன்மொழிந்தார். கூட்டத்தில் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டிலேயே துரத்தப்பட்ட இரண்டாம் தர அந்நியர் நமக்கு வேண்டாம் என்ற பொருளில் பேசினார். பார்னும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய் மனைவி முன்னால் அழுததாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். பதவி கிடைக்கவில்லை, எடின்பரோ போனார். 1954-ல் நோபல் பரிசு வந்தது. அவருக்கு எந்த உளவுத்துறையும் தடை போடவில்லை. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பேராசிரியர்களே போதுமானவர்களாக இருந்தார்கள்.

டாங்க் 1967 வரை இந்தியாவில் இருந்தார். பிறகு ஜெர்மனி திரும்பி, 1983-ல் மியூனிக்கில் இறந்தார். அந்த ஊருக்குப் பக்கத்தில் ஷ்லைஸ்ஹைம் விமான அருங்காட்சியகத்திலும் ஒரு மாருத் நிற்கிறது.

சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் இந்தக் கதையின் ஒரு கிளை இருக்கிறது. 1950-களின் நடுவில் அங்கே விமானப் பொறியியல் படித்த ராமேஸ்வரத்துப் பையன் அப்துல் கலாம், தன் ஆசிரியர்களைப் பற்றி 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். துறைத் தலைவர் வால்டர் ரெபென்டின், ஜெர்மானியர். குர்ட் டாங்கின் பெயரும் அந்தப் பக்கங்களில் வருகிறது. காற்றியக்கவியல் சொல்லிக்கொடுத்தவர் பேராசிரியர் ஸ்பாண்டர், ஆஸ்திரியர். போர்க்காலத்தில் நாஜிகளிடம் பிடிபட்டு வதைமுகாமில் கிடந்தவர். அவருக்கு ஜெர்மானியர்களைக் கண்டாலே ஆகாது என்கிறார் கலாம். அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அவர் வேலை பார்த்தது ஜெர்மானியர் ஒருவரின் தலைமையில். தினமும் அதே வராந்தாவில் நடந்து, அதே கரும்பலகையில், அதே காற்றின் விதிகளை எழுதினார். நிதானம் குலையாமல், பாடத்தில் துளி குறைவைக்காமல் நடத்தினார் என்பதும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

படிப்பு முடிந்து குரூப் போட்டோ எடுத்த நாளையும் கலாம் சொல்கிறார். மாணவர்கள் மூன்று வரிசையாக நிற்கிறார்கள்; முன்னால் நாற்காலிகளில் பேராசிரியர்கள். போட்டோ எடுக்கப்போகும் நேரத்தில் ஸ்பாண்டர் எழுந்துகொண்டு பின்னால் திரும்பி ஒவ்வொரு முகமாகத் தேடுகிறார். மூன்றாவது வரிசையில் கலாம் நிற்கிறார். அவரை முன்னுக்கு வரச்சொல்லி, தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார்.